தெருவில் தெரிவதும் கோப்பில் கிடப்பதும்: இலங்கையும் அங்கே போன பயணிகளும், 2018 முதல் 2024 வரை

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே இப்போது பிரச்சினை ஏதும் இல்லையே?" என்பதுதான். பிரச்சினை என்று அவர்கள் நினைப்பது ஊர்வலம், தடியடி, ஊரடங்கு, எரியும் டயர். தொலைக்காட்சியில் அது ஓடினால் டிக்கெட்டை ரத்து செய்கிறோம், ஓடாவிட்டால் பெட்டியைக் கட்டுகிறோம். இந்த அளவுகோலை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு நாடு சாட்சியாக இருக்கிறது. தெருக்கள் அமைதியாக இருந்த 2019-இல் இலங்கையில் ஒரே காலையில் வெளிநாட்டவர் சுமார் 45 பேர் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்த 2022-இல், அந்தப் போராட்டங்களில் ஒரு வெளிநாட்டுப் பயணிகூடக் கொல்லப்படவில்லை. இந்த இரண்டு ஆண்டுகளையும் அவற்றைச் சூழ்ந்த நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

முதலிடம் கிடைத்த வாரம்

2009 மே மாதம் போர் முடிந்தது. அந்த ஆண்டு இலங்கைக்கு வந்த பயணிகள் சுமார் நாலரை லட்சம். 2018-இல் அந்த எண்ணிக்கை 23,33,796 ஆகியிருந்தது; சுற்றுலா வருமானம் 440 கோடி டாலரை ஒட்டி இருந்தது. 2018 அக்டோபரில் லோன்லி பிளானட் நிறுவனம், அடுத்த ஆண்டு பார்க்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் இலங்கையை முதலிடத்தில் வைத்தது. அதே வாரம், அக்டோபர் 26 வெள்ளிக்கிழமை இரவு, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார்.

அடுத்த 51 நாட்கள் நாட்டில் பிரதமர் யார் என்பதே வழக்காக இருந்தது. நாடாளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. டிசம்பர் 13 அன்று, ஜனாதிபதி இடையில் நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (இலங்கையில் இதை உயர் நீதிமன்றம் என்றே சொல்வார்கள், தமிழக வாசகர் குழம்ப வேண்டாம் என்று இப்படி எழுதுகிறேன்.) டிசம்பர் 16 அன்று ரணில் மீண்டும் பதவியேற்றார். இந்த நாட்களில் அங்கே சுற்றிக்கொண்டிருந்த பயணிக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. கண்டி ரயில் ஓடியது. சிகிரியாவில் படி ஏறினார்கள். காலிக் கோட்டை மதிலில் மாலைக் காற்று வாங்கினார்கள். நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது, நெருக்கடி தீர்ந்தது என்று பத்திரிகைகளும் எழுதின.

ஆனால் ஒரு உறைக்குள் இரண்டு கத்தி என்ற நிலை மாறவில்லை. பாதுகாப்பு அமைச்சும் பொலிஸும் ஜனாதிபதியின் கையில் இருந்தன. தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. நாட்டின் காவல் தொடர்பான ஒரு தகவல் மேலே போனால் எங்கே போய்ச் சேரும், யார் அதைக் கீழே அனுப்புவார் என்ற வழித்தடமே அறுந்து கிடந்தது. பயணியின் உயிருக்கு விலை வைத்தது அந்த அறுந்த இடம்தான்.

தட்டு ஏந்திய வரிசை

2019 ஏப்ரல் 4 அன்று, இலங்கை அரசப் புலனாய்வுச் சேவைக்கு இந்திய உளவுத்துறையிடமிருந்து தகவல் வந்தது. பின்னர் தாக்குதலை நடத்திய குழுவின் தலைவர் சஹ்ரான் ஹாஷிமின் பெயர், தற்கொலைத் தாக்குதல் திட்டம், கிறிஸ்தவத் தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும் குறி என்பது வரை அதில் இருந்தது. ஏப்ரல் 9 அன்று அது கடிதமாகப் பொலிஸ் மா அதிபருக்கு, அதாவது நாட்டின் காவல்துறைத் தலைவருக்கு, போனது. ஏப்ரல் 11 அன்று ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர், முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகள் சிலவற்றுக்கு அதை அனுப்பிவைத்தார். பிரமுகர்களைக் காப்பவர்களுக்குத் தகவல் கிடைத்தது. பூசைக்குப் போகிறவர்களுக்கும், ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிறவர்களுக்கும் கிடைக்கவில்லை. தாக்குதலுக்கு முந்தின நாள் மீண்டும் எச்சரிக்கை வந்தது. ஜனாதிபதி அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் பாதுகாப்பைக் கவனிக்க அமைச்சர் யாரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். கொழும்பில் ஷங்ரி-லா, கிங்ஸ்பெரி, சினமன் கிராண்ட் ஹோட்டல்கள். இந்த ஆறு இடங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. சினமன் கிராண்டில் முந்தின இரவே அறை எடுத்துத் தங்கிய ஒருவன், காலையில் உணவகத்தில் தட்டை ஏந்திக்கொண்டு மற்ற விருந்தினரோடு வரிசையில் நின்றான்; பரிமாறும் இடத்துக்கு வந்ததும் வெடிக்கவைத்தான் என்று ஹோட்டல் மேலாளர் ஒருவர் பின்னர் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். குழந்தைகளோடு விடுமுறைக்கு வந்து, இட்லியா ஆப்பமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற வரிசை அது. நாம் எல்லோரும் நின்ற வரிசை. அன்று மொத்தம் 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

குண்டு வெடித்த பிறகும் அறுந்த கயிறு ஒட்டவில்லை. பிரதமர் பாதுகாப்புச் சபையைக் கூட்ட முயன்றபோது அதிகாரிகள் வரவில்லை என்று அமைச்சர் ராஜித சேனாரத்ன செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

ஏறத்தாழ நான்கு ஆண்டு கழித்து, 2023 ஜனவரி 12 அன்று, ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீட்டைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் பொலிஸ் மா அதிபருக்கும் அரசப் புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவருக்கும் தலா ஏழரைக் கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளருக்கு 5 கோடி. கிடைத்த தகவலின் மீது கடமையைச் செய்யாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று ஒரு நாட்டின் நீதிமன்றம் அதன் தலைவராக இருந்தவரை நோக்கிச் சொன்ன தீர்ப்பு அது. ஒரு நாட்டின் ஆட்சியை மதிப்பிட விரும்பும் பயணி படிக்க வேண்டியது இப்படிப்பட்ட தீர்ப்புகளைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சுற்றுலா சரிந்த வேகத்தைச் சொல்ல ஒரு கணக்கு போதும். 2018 மே மாதம் வந்தவர்கள் 1,29,466; 2019 மே மாதம் 37,802. மே 1 முதல் 39 நாட்டவருக்கு விசா கட்டணத்தை நீக்க இருந்த திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியா உட்படப் பல நாடுகள், அவசியமில்லாத பயணத்தைத் தவிர்க்கும்படி தம் மக்களுக்கு அறிவுறுத்தின. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பண மதிப்பு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. தன் நாட்டு அரசு 'போகாதே' என்று அறிவித்த இடத்துக்குப் போகிறவருக்குப் பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் பல இழப்பீடு தருவதில்லை. ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கு ஒரு விதி, அறிவிப்புக்குப் பிறகு கிளம்புபவருக்கு வேறு விதி. காப்பீட்டுப் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பத்தியைக் கிளம்பும் முன் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்துப் பயனில்லை.

வாரத்துக்கு 20 லிட்டர்

2022-இன் கதை வேறு மாதிரி. இது ஒரு காலையில் வெடிக்கவில்லை. 2019 இறுதியில் புதிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொறுப்பேற்றதும் பெறுமதி சேர் வரி (வாட்) 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. பிறகு கொரோனா வந்து சுற்றுலா டாலரை அடைத்தது. 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே இரவில் தடை வந்தது. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் எழுந்து, உடனே பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் குறைவு என்றார். இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் தீவின் கையிருப்பு அது.

பயணிக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? முதலில் மின்விளக்கு வழியாக. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெரிய ஹோட்டலில் ஜெனரேட்டர் ஓடும். அதற்கு டீசல் வேண்டும். டீசல் வாங்கப் போன வேன் வரிசையில் நிற்கும். மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டு முன் மக்கள் திரண்டார்கள். ஏப்ரல் 2 மாலை 6 மணி முதல் ஊரடங்கு. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கம். வாட்ஸ்அப்பில் ஓட்டுநரை அழைத்துப் பழகிய பயணிக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஊரடங்கு நாட்களில் விமான நிலையம் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டுமே அனுமதிச் சீட்டு.

ஏப்ரல் 19 அன்று றம்புக்கனையில், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் ரயில் பாதையை மறித்தார்கள். கொழும்பிலிருந்து கண்டி மலை ஏறும் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். மே 9 அன்று கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலில் கூடாரம் போட்டுப் போராடியவர்களை ஆளும் தரப்பு ஆட்கள் தாக்கினார்கள்; அப்போது மீண்டும் பிரதமராக இருந்த மகிந்த ராஜபக்ச பதவி விலகினார்; அன்றிரவு நாடு முழுவதும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. மார்ச்சில் 1,06,500 ஆக இருந்த பயணிகளின் வருகை மே மாதம் 30,207 ஆனது.

ஜூன் 28 முதல் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வானூர்தி எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து நெடுந்தூரம் போகும் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுத்தவர் சன்னல் வழியே கேரளத்துத் தென்னைகளைப் பார்த்திருப்பார்.

ஜூலை 9 அன்று மாளிகை மக்கள் வசமானது. 13 அன்று கோட்டாபய மாலைத்தீவுக்குப் போனார், அங்கிருந்து சிங்கப்பூர். 14 அன்று பதவி விலகல். உலகம் முழுக்க ஓடிய காட்சிகள் இவை. இதே ஜூலையில்தான், படம் பிடிக்க யாரும் வராத ஒரு வேலையும் நடந்தது. தேசிய எரிபொருள் அனுமதி என்ற கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கும் வேனுக்கும் 20.

இந்த 20 லிட்டரை ஒரு வேன் ஓட்டுநரின் இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால், வாரத்துக்கு 200 கிலோமீட்டர். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 100. ஒரு குடும்பத்தைக் கண்டியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினால் அந்த வாரம் முடிந்தது. நுவரெலியா இல்லை, எல்ல இல்லை, யாலவில் சிறுத்தை பார்ப்பது இல்லை. ஆனால் இதற்கு முன் அவர் மூன்று நாள் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்து, பெட்ரோல் பங்க்கை அடையும்போது 'தீர்ந்துவிட்டது' என்ற அட்டையைப் பார்த்தவர். உறுதியான 20 லிட்டர் அவருக்கு வாழ்வு. சில வாரங்களில் வரிசைகள் சுருங்கின. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனி எரிபொருள் அனுமதியும் வந்தது. நாடு அரசியலில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தபோதே ஒரு பயணத்தைத் திட்டமிடுவது மீண்டும் சாத்தியமானது. அதைச் சாத்தியமாக்கியது ஒரு சதுரக் குறியீடும் அதை ஒழுங்காக நடத்திய அலுவலகமும்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் இலங்கைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்குப் போங்கள் என்றே சொன்னேன். ஒரு டாலருக்கு 200 ரூபாய் என்றிருந்தது 360 ஆகியிருந்தது. பயணிக்கு எல்லாம் மலிவு, பக்கத்து வீட்டில் எரிவாயு இல்லாமல் விறகு பொறுக்கினார்கள். அந்த மலிவை எண்ணிக் கூச்சப்பட்டவர்கள் உண்டு. பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் பதில்.

யாரோ போட்ட வழக்கு, யாரோ பகிர்ந்த படம்

பயணி இரண்டு நாடுகளின் ஆட்சிக்கும் நடுவே நிற்கிறார் என்பதை 2022 ஜூன் 2 காட்டியது. அன்று மாஸ்கோ கிளம்ப இருந்த ஏரோஃப்ளோட் விமானத்தைக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தின் உத்தரவு நிறுத்திவைத்தது. விமானத்தைக் குத்தகைக்கு விட்ட அயர்லாந்து நிறுவனம் தொடுத்த வழக்கு. உக்ரைன் போரை அடுத்து வந்த தடைகளின் தொடர்ச்சி. ஜூன் 6 அன்று உத்தரவு விலக்கப்பட்டது. ஆனால் ரஷ்யா கோபம் கொண்டு சேவையை நிறுத்தியது. அக்டோபர் வரை அந்த விமானம் வரவில்லை. டாலருக்கு உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் முதல் வரிசைச் சந்தை ஒன்றின் கதவு அடைபட்டது. விமானத்தில் ஏற நின்றவர்களுக்கு அந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில், போராட்டப் படங்களைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்துவந்த பிரித்தானியப் பெண் ஒருவரின் பாஸ்போர்ட்டைக் குடிவரவு அதிகாரிகள் எடுத்துக்கொண்டு, நாட்டைவிட்டு வெளியேற உத்தரவிட்டார்கள். விருந்தாளியின் உரிமை எவ்வளவு மெலிதான நூல் என்பது அவ்வப்போது இப்படித் தெரியவரும்.

விசா முகப்பு

2024 ஏப்ரலில் நாடு அமைதிக்குத் திரும்பியிருந்தது. பயணிகள் திரளாக வந்துகொண்டிருந்தார்கள். அந்த மாதம் 17 அன்று, பல ஆண்டுகளாக மொபிடெல் நிறுவனத்தின் துணையோடு ஒழுங்காக ஓடிய இணையவழி விசா முறை நிறுத்தப்பட்டு, ஜி.பி.எஸ்., ஐ.வி.எஸ்., வி.எஃப்.எஸ். குளோபல் நிறுவனங்கள் அடங்கிய கூட்டமைப்பிடம் வேலை கொடுக்கப்பட்டது. முன்பு 50 டாலருக்கு 30 நாள் விசா. இப்போது 75 டாலர் விசா, அதன்மேல் 18.50 சேவைக் கட்டணம், 7.27 வசதிக் கட்டணம்: 100 டாலர் 77 சென்ட். மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் விசா முகப்பின் முன் நின்று, நாட்டை யாரிடம் கொடுத்துவிட்டீர்கள் என்ற பொருளில் கத்திய காணொளி எல்லோர் கைபேசியிலும் ஓடியது. சில நாட்களில் அமைச்சரவை 50 டாலர் விசாவைத் திரும்பக் கொண்டுவந்தது. சேவைக் கட்டணம் மட்டும் தொடர்ந்தது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், எம்.ஏ. சுமந்திரன் ஆகியோர் நீதிமன்றம் போனார்கள். போட்டி ஏலம் இல்லாமல் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது என்பது அவர்களின் முக்கியக் குற்றச்சாட்டு. ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் புதிய முறையை நிறுத்தி, பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர இடைக்கால உத்தரவிட்டது. அதன் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. புதிய முறை நின்றது. பழைய முறை வரவில்லை. ஏறத்தாழ எட்டு வாரம், இணையத்தில் விண்ணப்பிக்க வழியில்லாமல், இறங்கியவர்கள் எல்லாம் விமான நிலைய முகப்பில் நின்றார்கள். பத்து மணி நேரம் பறந்து வந்தவர்கள், தோளில் தூங்கும் குழந்தையோடு. செப்டம்பர் 25 அன்று, உத்தரவை நிறைவேற்றாத குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் (துறையின்) தலைவரான கட்டுப்பாட்டாளர் நாயகத்தை நீதிமன்றம் விளக்கமறியலில், அதாவது விசாரணைக் காவலில், வைத்தது. பழைய முறை மறுநாளே உயிர் பெற்றது. எட்டு வாரம் முடியாதது ஒரே நாளில் முடிந்தது.

இதே செப்டம்பரில் பத்தரமுல்லையில் இன்னொரு வரிசை. வெற்றுப் பாஸ்போர்ட் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து, வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் கிளம்ப வேண்டிய இலங்கையர்கள் இரவு முழுவதும் திணைக்கள வாசலில் காத்துக் கிடந்தார்கள். பயணி என்றால் உள்ளே வருகிறவர் மட்டும்தானா? தன் நாட்டிலிருந்து வெளியே போகிறவரும் பயணிதான். சுற்றுலா எண்ணிக்கைகளில் அவர் வருவதில்லை.

அறுகம்குடா, 2024 அக்டோபர்

செப்டம்பர் 23 அன்று அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றார். நாடாளுமன்றத்தைக் கலைத்து நவம்பர் 14-க்குத் தேர்தல் அறிவித்தார். வழக்கமான அளவுகோலில் பார்த்தால் இது நிச்சயமற்ற காலம்: புதிய தலைவர், நாடாளுமன்றம் இல்லை, கைவிரல் எண்ணிக்கையில் அமைச்சர்கள்.

அக்டோபர் 23 அன்று அமெரிக்கத் தூதரகம், அறுகம்குடாப் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கலாம் என்று எச்சரித்தது. கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்குப் பெயர்போன ஊர். அங்கே இஸ்ரேலியர் நிறையத் தங்குவார்கள். இஸ்ரேல் தன் மக்களை உடனே அங்கிருந்து கிளம்பச் சொன்னது. ஐந்தரை ஆண்டுக்கு முன் போலவே, இதுவும் வெளியிலிருந்து வந்த ஒரு தகவல்.

இம்முறை அது கோப்பில் கிடக்கவில்லை. எச்சரிக்கை வெளியாகும் முன்பே பொலிஸ் அந்தப் பகுதியில் பாதுகாப்பைக் கூட்டியிருந்தது. சாலையில் சோதனைச் சாவடிகள், கடற்கரையில் ரோந்து. சந்தேக நபர்கள் கைது செய்யப்பட்டார்கள். அரசு அதைச் செய்தியாளர்களிடம் சொன்னது. ஆகவே அங்கே தங்கியிருந்தவர் இருப்பதா கிளம்புவதா என்று தானே தீர்மானிக்க முடிந்தது. அந்த வாய்ப்பு 2019 ஏப்ரலில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. தாக்குதல் நடக்கவில்லை. நவம்பரில் அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. அந்த ஆண்டு இலங்கைக்கு வந்தவர்கள் 20,53,465 பேர்.